கிறீச்சிட்ட பின்பிரேக்

என் கணவர் டிரஸ்ஸர். தோட்டங்களுக்குப் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டுவார், ஊசி போடுவார், பிரசவம் பார்ப்பார், குளிர்காய்ச்சலில் நடுங்கிக் கிடப்பவனைச் சிரிக்க வைத்தே கசப்பு மருந்தை விழுங்க வைப்பார். ஆனால் அவர் கையில் ஒரு ஸ்பானரைக் கொடுத்தால் எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்பார். மோட்டார் சைக்கிள் அவருடையது. அதற்கு வைத்தியம் பார்த்தவள் நான்.

இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலம் அது. மலாக்காவில், காஜா பெராங்கில், கம்போங் செட்டியை ஒட்டிய ஒரு சந்தில் பலகை வீடு ஒன்றில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். சண்டைக்கு முன்னால் நான் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ரவிக்கையும் சட்டையும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் வந்த பிறகு துணியும் இல்லை, நூலும் இல்லை. மெஷின் மூலையில் தூங்கியது. எனக்கோ கை சும்மா இருந்தால் வாய் நீளும். யார் அகப்பட்டாலும் சண்டை பிடிப்பேன். பெரும்பாலும் அகப்பட்டவர் அவர்தான்.

"உன் கோபத்தையெல்லாம் அந்த வண்டி மேல காட்டேன்" என்று ஒருநாள் அலுத்துப்போய்ச் சொன்னார். காட்டினேன்.

தையல் மெஷினைப் பலமுறை கழற்றிப் பூட்டியவளுக்கு மோட்டார் சைக்கிள் அப்படியொன்றும் அந்நியமில்லை. அதிலும் சக்கரம், இதிலும் சக்கரம். எது இறுகியிருக்க வேண்டும், எது இளகியிருக்க வேண்டும், எங்கே ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும், எங்கே விடவே கூடாது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதியைக் கறுத்த விரல்களும் உடைந்த நகங்களும் கற்றுக்கொடுத்தன.

ஊரில் பலருடைய வண்டிகளை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டுவிட்டான். என் கணவருடையதை மட்டும் விட்டுவைத்திருந்தான். புக்கிட் ரம்பாய்ப் பக்கமும் குருபோங் பக்கமும் இருந்த தோட்டங்களுக்கு வேறு வைத்தியம் இல்லை. கையில் கட்டிக்கொள்ள எழுத்துப் போட்ட ஒரு துணிப்பட்டை கொடுத்திருந்தார்கள். கொஞ்சம் பெட்ரோலும் கிடைத்தது. பெட்ரோல் என்று பெயர்தான். ரப்பரைக் காய்ச்சி எடுத்த என்னவோ ஒன்றைக் கலந்திருந்தார்கள். அதன் நாற்றம் அவர் சட்டையைத் துவைத்தாலும் போகாது.

சாலைமுனைகளில், துப்பாக்கி நுனியில் கத்தி செருகிய காவல்காரன் நிற்பான். அவனுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கி, இடுப்பை நன்றாக வளைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நிற்காமல் போனவர்களைப் பற்றி ஊரில் தாழ்ந்த குரலில்தான் பேசிக்கொள்வார்கள். வண்டியின் முன்பிரேக் கம்பி எப்போதோ அறுந்துவிட்டது. வேறு கம்பி எந்தக் கடையிலும் இல்லை. மிச்சமிருந்தது காலால் மிதிக்கிற பின்பிரேக் ஒன்றுதான். ஆகவே என் வீட்டுக்காரரின் உயிர் அந்தப் பின்சக்கரத்துக்குள் இருந்தது. இதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

ஒருநாள் அவர் வாசலில் வந்து நின்றபோது இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் கேட்டது. பல் கூசியது. அவரை இறங்கச் சொல்லிவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினேன். டிரம் என்பது ஒரு வட்டமான இரும்புக் கிண்ணம். அதற்குள் பிறை வடிவத்தில் இரண்டு ஷூக்கள் இருக்கும். காலால் மிதித்தால் அவை விரிந்து கிண்ணத்தின் உள்பக்கத்தைக் கவ்வும். கவ்வுவதற்காக ஷூவின் முதுகில் லைனிங் என்று ஒரு பட்டையை ஆணியால் அறைந்திருப்பார்கள். அந்தப் பட்டை தேய்ந்து தேய்ந்து ஆணித்தலைகள் வெளியே வந்து டிரம்மைக் கீறிக்கொண்டிருந்தன. நான் பார்க்காமல் விட்டிருந்தால் இன்னும் சில நாட்களில் மிதிக்க மிதிக்க வழுக்கிக்கொண்டு போயிருக்கும்.

புது லைனிங்குக்கு எங்கே போவது? முதலில் அவருடைய பழைய சப்பாத்தின் தோலை வெட்டி வைத்துப் பார்த்தேன். சந்துக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். தோல் கருகிய நாற்றம்தான் மிச்சம், பிடிப்பு இல்லை. அப்புறம் மூலையில் தூங்கிய தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் சக்கரத்தை ஓட்டுவது ஒரு பெல்ட். ரப்பர் பேக்டரியிலும் மெஷின்களைப் பெல்ட்தானே ஓட்டுகிறது? கித்தான் துணியை மடிப்பு மடிப்பாக வைத்துத் தைத்த தடித்த பெல்ட். பல தோட்டங்களில் பேக்டரி ஓடாமல் கிடந்தது.

"ஒரு முழம் இருந்தா போதும்" என்றேன்.

"நான் மருந்து குடுக்கப் போறேனா, பெல்ட் பொறுக்கப் போறேனா?" என்றார். ஆனால் அடுத்த வாரம் கொண்டுவந்துவிட்டார். ஒரு பேக்டரியில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு முதுகில் பெரிய கட்டி. இவர் அதைக் கீறிச் சீழ் எடுத்துக் குணப்படுத்தியிருந்தார். அந்த மனிதர் அறுந்து கிடந்த பெல்ட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். இவர் அதை இடுப்பைச் சுற்றிக் கட்டி, மேலே சட்டையைப் போட்டு மறைத்துக்கொண்டு வந்தார். காவல்காரன் முன்னால் குனிந்தால் இடுப்பு வளையவே மாட்டேன் என்றதாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மெஷின்காரரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அன்று விளக்கேற்றும்போது அவருக்காகவும் கும்பிட்டேன்.

பெல்ட்டை ஷூவின் வளைவுக்கு வெட்டினேன். தையல் ஊசிகளில் தடித்ததைக் காய்ச்சி ஓட்டை போட்டேன். ஆணிக்குச் செம்புக் கம்பி. அதன் தலை பட்டையின் மேல்பரப்புக்குக் கீழே அமுங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் டிரம்மைக் கீறும். எல்லாம் அறைந்து, சக்கரத்தை மாட்டி, பிரேக் கம்பியின் நுனியில் இருக்கும் காது வைத்த திருகை, சக்கரத்தைச் சுற்றிவிட்டால் லேசாக உரசும்வரை முடுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தினேன். அவர் ஓட்டிப் பார்த்தார். சொன்ன இடத்தில் நின்றது. நிற்கும்போது மட்டும் கிறீச்சென்று ஒரு கத்தல் கத்தியது. சந்தில் இருந்த கோழிகளெல்லாம் ஓடிப்போய் ஒளிந்துகொண்டன.

பட்டையின் முனைகளை அரத்தால் கொஞ்சம் சரித்துவிட்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். நான் செய்யவில்லை. காரணம் இதுதான். காலையில் அவர் புறப்பட்டுச் சந்துமுனையில் உள்ள தென்னைமரத்தடியில் ஒரு தரம் பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் பெரிய ரோட்டில் ஏற வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். கிறீச் என்று கேட்டால், பிரேக் பிடிக்கிறது என்று நான் உள்ளே போவேன். சாயங்காலம் அதே மரத்தடியில் திரும்பும்போது ஒரு கிறீச் கேட்கும். உயிரோடு வந்துவிட்டார் என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும். இப்படி ஒரு சத்தத்தை யாராவது அரம் எடுத்து ராவி எடுப்பார்களா?

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அந்தச் சத்தம் அறவே பிடிக்காது. கம்போங் செட்டிக்காரர், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன பழைய தமிழ் வம்சம். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், தனியாகத்தான் இருந்தார். நெற்றியில் எங்களைப்போலவே திருநீறு, வாசலில் மாவிலை, வாயைத் திறந்தால் மலாய். தமிழில் சாமி பெயர்களும் சில உறவுமுறைச் சொற்களும் தெரியும், அவ்வளவுதான். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரைக் 'காக்' என்பேன், அக்கா மாதிரி. என்னை அவர் 'அடிக்' என்பார், தங்கச்சி மாதிரி. அவர் பேசியதை நான் இங்கே தமிழாக்கித்தான் சொல்கிறேன்.

"அடிக், உன் வண்டிக்கு சாக்கிட்டா? எங்கேயோ நோவுறாப்போல கத்துதே. உன் வீட்டுக்காரர் ஊருக்கே வைத்தியம் பார்க்கிறாரு, இதுக்குப் பார்க்கக் கூடாதா?"

"அது நோவு இல்ல காக். அது அப்படித்தான்."

"அப்படித்தான்னா எப்படி? தொண்டை வறண்டு போயிருக்கு அதுக்கு."

நான் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். இடையில் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்து, எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டார். மருந்து கிடைப்பதே அரிதாக இருந்த நேரம். என் கணவர் எங்கெங்கோ சொல்லிவைத்து மாத்திரை கொண்டுவந்து, தினமும் தோட்டத்திலிருந்து திரும்பியதும் முகம்கூடக் கழுவாமல் வேலியைத் தாண்டிப்போய்ப் பார்த்தார். நான் கஞ்சி ஊற்றினேன். பிழைத்து எழுந்தபோது காக் என் கணவரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இவர் கூச்சப்பட்டுக்கொண்டு, "வண்டிக்கு நன்றி சொல்லுங்க, அதுதானே மருந்தைக் கொண்டுவந்தது" என்று மலாயில் சொல்லிவிட்டு வந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார் அவர்.

சரஸ்வதி பூஜை வந்தது. ஆயுதங்களுக்குப் பூஜை போட்டால் அன்று அவற்றை எடுக்கக் கூடாது, வேலைக்கு ஓய்வு. தையல் மெஷினைத் துடைத்துப் பொட்டு வைத்தேன். ஸ்பானர்களையும் அரத்தையும் சுத்தியலையும் ஒரு தட்டில் அடுக்கினேன். மோட்டார் சைக்கிளைக் கழுவி வாசலில் நிறுத்திச் சந்தனம், குங்குமம் வைத்து, செம்பருத்திப் பூவைச் சொருகினேன். சுண்டலுக்குக் கடலை ஏது? மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துத் தேங்காய்ப்பூவும் மலாக்கா வெல்லமும் போட்டுப் பிசைந்தேன். அந்தக் கிழங்கின் முகத்தில் விழிக்கவே எனக்குப் பிடிக்காது. அரிசி கிடைக்காமல் காலையும் மாலையும் அதுதான் சாப்பாடு. இருக்கிற நிலமெல்லாம் கிழங்கு போட வேண்டியிருந்ததால், சந்துமுனையைத் தாண்டி ரோட்டு வளைவில் கிடந்த புறம்போக்கையும் நானும் காக்கும் சேர்ந்து கொத்திப் பாத்தி போட்டிருந்தோம். ஒவ்வொரு வெட்டுக்கும் நான் ஒரு தரம் முணுமுணுத்தேன். செடி என்னைவிட உயரமாக வளர்ந்து நின்றது.

காக்கும் பூஜைக்கு வந்தார். நான் உள்ளே தீபாராதனைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கும்பிடுகிறார் என்று நினைத்தேன். அன்று நான் ஸ்பானரைத் தொடவில்லை, பின்சக்கரத்தின் பக்கம் குனியவில்லை. மற்ற எந்த நாளாக இருந்தாலும் படுக்கப்போகும் முன் ஒரு தரம் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்திருப்பேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் மூச்சு வாங்க வந்தான். ஒரு பெண்ணுக்கு வலி எடுத்து நேரம் ஆகிவிட்டது, பிள்ளை வரவில்லை. என் கணவர் பையை மாட்டிக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல் வண்டியை உதைத்தார். கிளம்பியது. நான் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

கிறீச் வரவில்லை.

அவசரத்தில் மறந்துபோய்விட்டார் என்றுதான் முதலில் கோபம் வந்தது. வரட்டும், பேசிக்கொள்கிறேன் என்று திரும்பினேன். அப்போதுதான் வண்டி நின்றிருந்த இடத்தைப் பார்த்தேன். பின்சக்கரம் இருந்த இடத்தில் மண் கறுப்பாக நனைந்திருந்தது. தொட்டு முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய்.

கித்தான் பட்டை எண்ணெயைக் குடித்தால் விளக்குத்திரிதான், பிரேக் இல்லை. ரோட்டில் ஏறி வளைவைத் தாண்டினால் காவல்காரன்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். நான் ஓடுவதைப் பார்த்துவிட்டுக் காக்கும் சாரோங்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் மரவள்ளிப் பாத்தியின் நடுவே யானை புகுந்ததுபோல ஒரு வழி விழுந்திருந்தது. செடிகள் முறிந்து கிடந்தன. மண்ணில் டயர் உழுத தடம். ஒரு செம்பருத்திப் பூ கசங்கிக் கிடந்தது. வண்டியும் இல்லை, அவரும் இல்லை. கொஞ்ச தூரத்தில் காவல்காரன் மட்டும் அசையாமல் நின்றிருந்தான். அவனிடம் போய் என்ன கேட்பது? கேட்டால் என்ன ஆகும்? தூரத்தில் இருந்தே இருவரும் அவனைக் குனிந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். காக்தான் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

வாசலில் அந்த நனைந்த மண்ணைக் காட்டினேன். "யாரோ எண்ணெயை ஊத்தியிருக்காங்க காக். பிரேக்குக்குள்ள. அது அவரைக் கொல்லணும்னு செய்யற வேலை."

காக் குனிந்து அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தார். "நான்தான் ஊத்தினேன்" என்றார்.

நான் கோழி இறகால் பின்சக்கரத்து அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வைப்பதை அவர் வேலியோரம் நின்று பலநாள் பார்த்திருக்கிறார். அதற்கு எண்ணெய்தான் உணவு என்று நினைத்துக்கொண்டார். இவள் கஞ்சத்தனமாக ஒரு சொட்டு வைப்பதால்தான் அது கத்துகிறது என்றும் நினைத்துக்கொண்டார். உயிரைக் காப்பாற்றிய வண்டி, பூஜைநாள், சாமிக்கு அபிஷேகம் செய்வதுபோல் டிரம்முக்கும் மூடிக்கும் இடையே உள்ள இடுக்கில் நிறைய ஊற்றியிருக்கிறார்.

"அவர்தானே வண்டிக்கு நன்றி சொல்லச் சொன்னாரு" என்று அழுதார்.

என் மூக்குமேல் இருக்கும் கோபம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாய்க்கு வந்தபடி பேசினேன். காக் எழுந்து தன் வீட்டுக்குப் போனார். சிறிது நேரம் கழித்து, அவர் என்ன ஆனார் என்று பார்க்கப் போனேன். சாமி மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். விளக்கு எரியவில்லை. அகல் துடைத்து வைத்ததுபோல் காய்ந்திருந்தது. பக்கத்தில் காலி எண்ணெய்ப் புட்டி. அவரே தேங்காய் துருவிக் காய்ச்சி, சாமிக்கென்று வைத்திருந்த எண்ணெய். தனக்குச் சமைக்கக்கூட அதிலிருந்து ஒரு கரண்டி எடுக்க மாட்டார். அதை முழுசாக வண்டிக்கு ஊற்றிவிட்டு, முந்தின நாள் ராத்திரி இருட்டிலேயே சாமி கும்பிட்டிருக்கிறார்.

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் இருந்த கொஞ்ச எண்ணெயைக் கொண்டுவந்து அகலில் விட்டு ஏற்றினேன். இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்தோம். அவர் தமிழ்ச் சாமி பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் கூடச் சொன்னேன். நன்றியில் செய்தது இப்படி முடிந்துவிடக் கூடாது என்பதுதான் அன்று நான் கேட்ட வரம். எனக்கு என் வீட்டுக்காரர் வேண்டும். காக் இனி வாழ்நாளெல்லாம் இதைச் சுமக்கவும் கூடாது.

வெயில் சாய்ந்தது. சந்துமுனையைப் பார்த்தபடி வேலியோரம் நின்றோம். கிறீச் கேட்காது என்று எனக்குத் தெரியும். எண்ணெய் குடித்த பிரேக் எப்படிக் கத்தும்? ஆனாலும் காது அதற்காகவே காத்திருந்தது.

அவர் நடந்து வந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு, சட்டையெல்லாம் செம்மண், முழங்கையில் அவரே போட்டுக்கொண்ட கட்டு. ஹாண்டலில் ஒரு சீப்பு வாழைப்பழம் தொங்கியது.

"பொம்பளப் புள்ள. ரெண்டு உசுரும் நல்லாயிருக்கு" என்றார், நாங்கள் அதைத்தான் கேட்கக் காத்திருந்ததுபோல.

நான் அவரை அடித்தேன். தோளில், முதுகில், கை போன இடத்தில். பிறகு அழுதேன். காக் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மரத்தடியில மிதிச்சேன், வெண்ணெயில கால் வச்சாப்போல இருந்துச்சு" என்று பிறகு சொன்னார். "கியரைக் குறைக்க நேரமில்ல. நேரா போனா அவன் கத்திமுனைதான். உன் கிழங்குக் காட்டுக்குள்ள திருப்பிட்டேன். என்னா மெத்து மெத்துன்னு கொத்தி வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்!"

"காவல்காரன்?"

"ஓடி வந்தான். நான் எழுந்து நின்னு அப்படியே கும்பிட்டேன். தலையில மரவள்ளி இலை. அவன் இலையைப் பார்த்தான். சிரிச்சானா இருமினானான்னு தெரியல. போன்னு கையைக் காட்டினான்." அதற்கப்புறம் ஒவ்வொரு காவலுக்கும் வெகு முன்னாலேயே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே போய், கும்பிட்டு, தாண்டிய பிறகு ஏறியிருக்கிறார். இடையில் காலைத் தரையில் உரசி உரசி ஓட்டி, செருப்பு அடியே இல்லாமல் போயிருந்தது.

அந்த மரவள்ளிச் செடிகளை நான் எத்தனை திட்டு திட்டியிருக்கிறேன். அன்று முதல் வாயைத் திறக்கவில்லை.

பிரேக்குக்குள் எண்ணெய் இறங்கியிருந்ததைச் சொன்னேன், ஊற்றியது யாரென்று அவர் கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் காக் தானே சொன்னார். இவர், "என் வாய்தான் காரணம். வண்டிக்கு நன்றி சொல்லுங்கன்னு சொன்னவன் நான்" என்றார். வாழைப்பழத்தைப் பிய்த்து முதலில் காக்கிடம் நீட்டினார். இந்த மனுஷரைக் கட்டிக்கொண்டதற்காக நான் பலநாள் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அன்று பெருமைப்பட்டேன்.

மறுநாள் சக்கரத்தைக் கழற்றினோம். 'கழற்றினோம்' என்று சொல்வது, காக் என் பக்கத்தைவிட்டு நகரவில்லை என்பதால். பட்டை எண்ணெயில் ஊறிப் பளபளத்தது. சோப்பு இல்லை. பெட்ரோலைத் தொட மனம் வரவில்லை. காக் உள்ளே போய் மரவள்ளி மாவை எடுத்து வந்தார், அவர் சாப்பாட்டுக்கு வைத்திருந்தது. ஷூக்களை மாவுக்குள் புதைத்து வெயிலில் வைத்தோம். சூட்டில் எண்ணெய் கசிய, மாவு அதைக் குடித்துப் பழுப்பாகியது. தட்டிவிட்டுப் புது மாவு போட்டோம். கடைசியில் அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த நீரில் பட்டையைத் தேய்த்து அலசி, பல நாள் வெயிலில் உலர்த்தி, உடைந்த கண்ணாடிச் சில்லால் மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கினேன். டிரம்மையும் சாம்பல் போட்டுத் துலக்கினேன், குத்துவிளக்கைத் துலக்குவதுபோல. அதுவரை என் கணவர் யார் யாரிடமோ சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு தோட்டங்களுக்குப் போனார். காக் அந்தப் பழுப்பு மாவை வீசவிடவில்லை. எண்ணெயோடு சேர்ந்திருக்கிறது, பலகாரம் சுடலாமே என்றார். பிரேக்குத் தூளையும் சேர்த்துத் தின்னப் போகிறீர்களா என்று நான் போட்ட சத்தத்தில் கோழிக்குக் கொட்டினார். கோழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வண்டி மறுபடியும் கிளம்பிய காலையில் நாங்கள் இருவரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றோம். மரத்தடியில் கிறீச்சென்று கேட்டது. முன்னைவிட மோசமாக. காக் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்.

அன்றிலிருந்து சாயங்காலக் கிறீச்சை எனக்கு முன்னால் கேட்பவர் அவர்தான். நான் அடுப்படியில் ஊதிக்கொண்டிருப்பேன். அங்கிருந்து குரல் வரும்: "சுடா பாலேக், அடிக்!" வந்துட்டாரு, தங்கச்சி. என் வீட்டுக்காரர் திரும்பி வருவதற்காகக் காத்திருக்க எனக்குத் துணைக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது. அந்தக் காலத்தை நான் பைத்தியம் பிடிக்காமல் தாண்டியது அந்தக் குரலால்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஜப்பான்காரன் போனான். கடைகளில் ஒவ்வொரு சாமானாகத் தலைகாட்டியது. ஒருநாள் அவர் அசல் லைனிங் வாங்கிவந்தார். முனைகளை முன்பே சரித்திருந்தார்கள், அழகாக இருந்தது. மாட்டினேன். பூப்போல் நின்றது. சத்தமே இல்லை. பழைய பெல்ட் பட்டைகளைத் தையல் மெஷின் டிராயரில் போட்டுவைத்தேன்.

அன்று சாயங்காலம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால், "என்ன சமையல்?" என்று குரல் கேட்டது. தூக்கிவாரிப் போட்டது. அவர் எப்போதோ வந்து சட்டையைக்கூடக் கழற்றியிருந்தார். இருவரும் சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தோம்.

காக் வேலியைப் பிடித்துக்கொண்டு சந்துமுனையையே பார்த்தபடி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. முகம் வெளுத்துப்போயிருந்தது. என்னைப் பார்க்காமலே, "இன்னிக்கு நான் ஒண்ணும் ஊத்தல, அடிக்" என்றார்.

என் கணவர் வேலியைத் தாண்டி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்துட்டேன் காக். இதோ, இங்கதான் இருக்கேன்."

மறுநாள் விடிந்ததும் நான் சக்கரத்தைக் கழற்றினேன். புது லைனிங்கைப் பிய்த்தெடுத்தேன். டிராயரைத் திறந்து பழைய பட்டைகளை எடுத்து அறைந்தேன். அவர் பல்குச்சியோடு வந்து பார்த்துவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொடுத்தார். சரியான பக்கமாகப் பிடித்துத்தான் கொடுத்தார்.

சாயங்காலம் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மரத்தடியில் கிறீச்சென்று கேட்டது. நான் அசையாமல், பக்கத்து வீட்டுக் குரலுக்காகக் காத்திருந்தேன்.

"சுடா பாலேக், அடிக்!"

மூன்று பேருக்கு அரிசியைப் போட்டேன்.